சோலோ நாட்குறிப்பு: வழித்துணைத் தாய்மார்கள்

ஜனவரி 7, 2025, செவ்வாய்

இன்று எங்கள் சுகாதார மையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். தெற்கு மலாவியின் இந்தச் சோலோ மாவட்டத்தில் இப்போது மழைக்காலம். தேயிலைத் தோட்டங்களுக்கு ஊடே வரும் செம்மண் பாதையெல்லாம் சேறு. அப்படியும் நன்றாக விடிவதற்குள் திண்ணை நிறைந்துவிட்டது. எங்கள் தன்னார்வத் தாய்மார்களில் மூத்தவர் பாட்டைத் தொடங்கினார். வந்திருந்த பெண்கள் கைதட்டி வாங்கிப் பாடினார்கள். கொசுவலை, இரும்புச்சத்து மாத்திரை, எச்ஐவி பரிசோதனை எல்லாம் அந்தப் பாட்டுக்குள் வந்துவிடும். நான் அரைமணி நேரம் பேசிப் புரியவைப்பதை இவர்கள் நான்கு அடியில் மனத்தில் பதித்துவிடுகிறார்கள்.

இந்தத் தாய்மார்கள் எல்லோருமே எச்ஐவியோடு வாழ்பவர்கள். கருவுற்றிருந்த காலத்தில் தங்கள் தொற்றை அறிந்து, மாத்திரை சாப்பிட்டு, தொற்றில்லாத பிள்ளையை வளர்த்தெடுத்தவர்கள். இங்கே வேலைக்குச் சேர அதுதான் தகுதி.

இன்று பரிசோதித்தவர்களில் ஒருத்திக்குத் தொற்று உறுதியானது. பத்தொன்பது வயது, முதல் பிரசவம், வயிற்றில் ஐந்து மாதம். சொன்னபோது அவள் அழவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சிதென்ஜே துணியின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். மூத்தவர் அவளை மாமரத்துப் பக்கம் அழைத்துப்போய்த் தன் ஹெல்த் பாஸ்போர்ட்டை எடுத்து விரித்தார். மலாவியில் நோயாளி ஒவ்வொருவரும் தன் மருத்துவக் குறிப்புகளை ஒரு சிறு நோட்டில் தானே வைத்திருப்பார். அதன் பழைய பக்கம் ஒன்றில் தனக்கு எழுதப்பட்ட முடிவைக் காட்டினார். பிறகு மகனின் நோட்டைக் காட்டினார். அதில் தொற்றில்லை என்று எழுதியிருந்தது. “இவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். காலையில் செருப்பைத் தேடி என்னைப் பாடாய்ப் படுத்துகிறான்” என்றார். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வாய் திறந்தாள். கேட்ட முதல் கேள்வி, “என் அம்மாவிடம் சொல்ல வேண்டுமா?”

மாத்திரைப் புட்டியை இன்றே வாங்கிக்கொண்டு போனாள். சாப்பிடுவாளா என்பது அடுத்த மாதம்தான் தெரியும்.

ஜனவரி 9, வியாழன்

ஊரில் இருக்கும் என் தோழி கேட்டு எழுதியிருந்தாள்: மாத்திரை இலவசமாகக் கிடைக்கும்போது தன்னார்வலர் எதற்கு?

நல்ல கேள்வி. சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். கருவில் போகலாம், பிரசவத்தில் போகலாம், தாய்ப்பாலில் போகலாம். தாய் ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் பால் குடிக்கும் பிள்ளைகளிடம்கூட அதை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர முடியும். இதில் மருத்துவ உலகுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

2011 வரை இங்கே யாருக்கு நிரந்தர மருந்து தருவது என்பதை நோயின் நிலையையும், எச்ஐவி அழிக்கும் நோயெதிர்ப்பு அணுக்களான சிடி4 அணுக்களின் எண்ணிக்கையையும் பார்த்து முடிவு செய்தார்கள். அதை எண்ணும் கருவி கிராமங்களில் கிடையாது. கருவியைத் தேடி நகரத்துக்கு அனுப்பப்பட்ட பெண்களில் பலர் திரும்பவில்லை. அந்த ஆண்டின் நடுவில் மலாவி அரசு ஒரு முடிவெடுத்தது: கர்ப்பிணிக்கோ பாலூட்டும் தாய்க்கோ தொற்று இருப்பது தெரிந்தால் எண்ணிக்கை பார்க்க வேண்டாம், அன்றே மருந்து, ஆயுள் முழுக்க மருந்து. ‘ஆப்ஷன் பி பிளஸ்’ என்று பெயர். உலகில் வேறெந்த நாடும் அதற்குமுன் செய்யாதது. மூன்று மாதத்துக்கு 1,257 பெண்கள் என்ற அளவில் மருந்து தொடங்கிக்கொண்டிருந்த நாட்டில், 2012இன் மூன்றாம் காலாண்டில் 10,663 பேர் தொடங்கினார்கள். 2013இல் உலக சுகாதார நிறுவனமும் இதே வழியைப் பரிந்துரைத்தது. ஏழை நாடு ஒன்று உலகுக்கு வழிகாட்டிய இந்தக் கதையை நம் பத்திரிகைகள் போதிய அளவு எழுதவில்லை என்பது என் ஆதங்கம்.

சிக்கல் அதற்கு அப்பால் வந்தது. மருந்து தொடங்கிய இந்தப் பெண்களில் 17 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் சிகிச்சையில் இல்லாமல் போனார்கள். உடல் மெலிந்து, நோயை உணர்ந்து மருந்துக்கு வந்தவர்களோடு ஒப்பிட்டால், கர்ப்பத்தில் தொடங்கியவர்கள் முதல் நாளோடு காணாமல் போகும் வாய்ப்பு ஐந்து மடங்கு. காரணம் புரியாததல்ல. காலையில் ஆரோக்கியமாக நடந்து வந்தவளிடம் மதியத்துக்குள் “உனக்குத் தொற்று இருக்கிறது, இந்த மாத்திரையைச் சாகும்வரை சாப்பிடு” என்றால் எவளால் தாங்க முடியும்? வீட்டுக்குப் போகும் வழியிலேயே புட்டியைப் புதருக்குள் எறிந்தவர்கள் உண்டு.

அந்த வீட்டு வழியில் கூட நடப்பவர்தான் தன்னார்வத் தாய். மலாவியிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டாண்டு முடிவில், இத்தகைய துணை இல்லாத மையங்களில் மூன்றில் இரண்டு பங்குப் பெண்களே சிகிச்சையில் நீடித்தார்கள். துணை இருந்த இடங்களில் ஐந்தில் நான்கு பங்கு.

ஜனவரி 15, புதன்

சிலெம்ப்வே நாள், அரசு விடுமுறை. பக்கத்து மாவட்டமான சிரட்சுலுவில் 1915இல் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த பாதிரியார் ஜான் சிலெம்ப்வேயின் நினைவு நாள். எங்கள் ஊரில் இன்று மாட்டுப் பொங்கல்.

மையம் மூடியிருந்ததால் மூத்தவரோடு ஒரு வீட்டுக்குப் போனேன். டிசம்பரிலிருந்து மாத்திரை வாங்க வராத பெண். மூத்தவர் எப்படிப் போகிறார் என்பதை எழுதிவைக்க வேண்டும். திட்டத்தின் பெயர் அச்சிட்ட பை, சட்டை எதையும் வெளியூர் வேலைக்கு எடுத்துவருவதில்லை. அந்தப் பையைப் பார்த்தாலே அண்டை வீடுகளுக்கு விஷயம் தெரிந்துவிடும். சாதாரண சிதென்ஜே, கையில் நான்கு மாம்பழம். நேராக அந்த வீட்டுக்கும் போகவில்லை. முன்னாலிருந்த வீடுகளிலும் நின்று நலம் விசாரித்து, மழை, மக்காச்சோளம், உர விலை எல்லாம் பேசிக்கொண்டே போனார். யாரைப் பார்க்க வந்தோம் என்று தெருவில் ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது.

இங்கே லோம்வே மக்கள் தாய்வழிச் சமூகம். கல்யாணமானால் ஆண்தான் பெண் வீட்டு ஊருக்கு வருகிறான். பெண்ணுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் பொறுப்பாளி அவளுடைய தாய்மாமன். நம் பக்கத்துத் தாய்மாமன் சீர் நினைவுக்கு வந்தது, ஆனால் இந்த மாமனின் அதிகாரம் அதைவிடப் பெரியது. அந்தப் பெண் நின்றுபோனதற்குக் காரணமும் மாமன்தான். பிரார்த்தனைக் கூட்டத்தில் அவளுக்குக் குணமாகிவிட்டது, இனி மாத்திரை விசுவாசக் குறைவு என்று சொல்லியிருக்கிறார்.

நானாக இருந்தால் வாதாடியிருப்பேன். மூத்தவர் மாமனுக்கு முழங்காலிட்டு வணக்கம் சொன்னார், மாம்பழத்தைக் கொடுத்தார், தானும் அதே சபையில் பாடுகிறவள் என்றார். “நானும் ஜெபிக்கிறேன், மாத்திரையும் சாப்பிடுகிறேன். என் பிள்ளை நன்றாக இருக்கிறான்” என்றார். அதற்கு மேல் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கிளம்பும்போது மாமனே கேட்டார்: “மையம் எத்தனை மணிக்குத் திறக்கும்?”

ஜனவரி 21, செவ்வாய்

மாமன் அனுப்பிவைத்திருக்கிறார், அந்தப் பெண் வந்துவிட்டாள். ஒரு மாதம் மருந்து விட்டிருப்பதால் அவள் ரத்தத்தில் வைரஸ் அளவைக் கூர்ந்து பார்க்க வேண்டும். திட்டாமல் வரவேற்கும்படி மூத்தவர் எங்கள் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

பிற்பகல் முழுக்கத் தாய்ப்பால் பற்றிய பேச்சு. பாட்டிகளையும் அழைத்திருந்தோம், ஏனென்றால் இரண்டாம் மாதமே குழந்தை வாயில் சோளக் கஞ்சியை வைப்பவர்கள் அவர்கள்தான். தொற்றுள்ள தாய் பால் கொடுக்கலாமா என்பது உலகமே குழம்பிய கேள்வி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஹூசேன் குவாடியா, ஆனா கூட்சூடிஸ் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வெளிச்சம் காட்டியது: தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளைவிட, தாய்ப்பாலோடு மற்றதும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தொற்று அதிகம். பிஞ்சுக் குடலைக் கஞ்சியும் அழுக்குத் தண்ணீரும் புண்ணாக்குவது இதற்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. பால்மாவு மட்டும் கொடுத்துவிடலாமே என்பார்கள். போட்ஸ்வானாவில் அரசே அதை இலவசமாகக் கொடுத்தது. 2006 தொடக்கத்தில் பெருமழையும் வெள்ளமும் வந்து தண்ணீர் கெட்டபோது வயிற்றுப்போக்கில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறந்தன. பெரும்பாலானவை புட்டிப்பால் குழந்தைகள். ஆகவே இங்கே நாங்கள் சொல்வது: தாய் மாத்திரையை விடக்கூடாது, முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது.

ஒரு பாட்டி எழுந்து, “நான் ஒன்பது பேரைக் கஞ்சி கொடுத்துத்தான் வளர்த்தேன்” என்றார். தன்னார்வலர்களில் இளையவள், “அகோகோ (பாட்டி), அந்த ஒன்பது பேரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?” என்று மெல்லக் கேட்டாள். பாட்டி விரல் மடக்கி எண்ணினார். கூட்டத்தில் வேறு யாரும் பேசவில்லை. பிறகு அவரே, “சரி, ஆறு மாதம்” என்று சொல்லி உட்கார்ந்தார். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு இருந்திருக்காது. அவளுக்கு இருந்தது, ஏனென்றால் அவளும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள்.

ஜனவரி 30, வியாழன்

தன்னார்வலர்களுக்கு வந்துகொண்டிருந்த மாத ஊக்கத்தொகை நின்றுவிட்டது. வெளிநாட்டு நிதி முடக்கம். மாத்திரை இருப்பு இருக்கிறது. சைக்கிள் டாக்சிக் கட்டணமும் தொலைபேசிக் கட்டணமும் இல்லை. இது பசி மாதம் வேறு. பழைய சோளம் தீர்ந்து, புதியது முற்றாமல் நிற்கும் நேரம்.

எனக்குக் கோபம். ‘தன்னார்வலர்’ என்று பெயர் வைத்துவிட்டால் ஊதியம் கேட்காத பெண் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு மாவட்டத்தின் சிகிச்சையைத் தாங்கிப் பிடிப்பவர்களுக்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை. 2001இல் கேப் டவுனில் மிட்ச் பெசர் என்ற மகப்பேறு மருத்துவர் ‘மதர்ஸ் டு மதர்ஸ்’ அமைப்பைத் தொடங்கியபோது இப்படித் தாயான பெண்களைத்தான் பயிற்றுவித்தார். அங்கே அவர்களுக்குச் சம்பளம் உண்டு, அவர்கள் ஊழியர்கள். அதுதான் நியாயம். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மூத்தவர் வந்தார். இளையவளும் வந்தாள். மற்றவர்களில் சிலர் தேயிலை பறிக்கும் கூலிக்குப் போய்விட்டார்கள், அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

பத்தொன்பது வயதுப் பெண்ணும் வந்தாள். புட்டியில் மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினேன், கணக்குச் சரியாக இருந்தது. தாயிடம் இன்னும் சொல்லவில்லை. நடக்கும்போது புட்டி குலுங்கிச் சத்தம் வருவதால் உள்ளே பஞ்சை அடைத்துவைத்திருக்கிறாள். இந்த உபாயத்தை இளையவள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

பிப்ரவரி 13, வியாழன்

ஆறு வாரக் குழந்தைகளுக்குப் பரிசோதனை. தொற்றைத் தடுக்கப் பிறந்தது முதல் நெவிரபின் மருந்து குடித்துவந்த குழந்தைகள். குதிகாலைச் சூடாக்கி, குத்தி, ரத்தத்தைத் தாளிலுள்ள வட்டங்களில் சொட்டவிட்டுக் காயவைக்க வேண்டும். பெரியவர்களுக்குச் செய்யும் பரிசோதனை இந்த வயதில் உதவாது. அது தேடுவது வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்களை; தாயின் அந்தப் புரதங்கள் குழந்தையின் ரத்தத்தில் இருப்பதால் தொற்றில்லாத பிள்ளைக்கும் உண்டு என்று காட்டிவிடும். அதனால் வைரஸையே தேடும் ஆய்வகத்துக்குத் தாள் போகிறது. தாமதம் இங்கே பெரிய கொடுமை: தொற்றோடு பிறந்து சிகிச்சை பெறாத குழந்தைகளில் மூன்றில் ஒன்று முதல் பிறந்தநாளுக்குள் இறந்துவிடும், பாதி இரண்டாம் பிறந்தநாளுக்குள்.

பால் கொடுத்துக்கொண்டே குத்தச் சொன்னார் மூத்தவர். குழந்தை ஒருமுறை முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி பாலுக்குத் திரும்பியது.

மார்ச் 4, செவ்வாய்

முடிவுகள் வந்தன. ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் தொற்று இல்லை.

அந்த ஒன்றின் தாய் பிரசவத்துக்கு முதல் நாள்தான் எங்களிடம் வந்தவள். 2023இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 1,20,000 குழந்தைகளுக்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டதாக ஐநா சொல்கிறது. தாள்களில் படித்த அந்த எண்ணில் ஒன்று இன்று என் மேசைக்கு எதிரே பச்சைத் தொப்பி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. இன்றே மருந்து தொடங்கினோம். உறுதிசெய்ய மறுபடி ரத்தம் எடுத்தோம், அதற்காகக் காத்திருக்கக் கூடாது. மூத்தவர் தாயை ஒரு வார்த்தை பேசவிடாமல் முதலில் சாப்பிடவைத்தார். தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த ந்சிமா என்ற சோளமாவுக் களியும் கீரையும். பிறகு, சிரிஞ்சில் மருந்தை அளந்து கன்னத்தின் உட்பக்கம் விடுவது எப்படி என்று அவள் கையைப் பிடித்துக் காட்டினார், அவள் தானாகச் செய்து காட்டும்வரை.

தொற்றில்லாத குழந்தைகளின் தாய்மார்கள் வெளியே குலவையிட்டார்கள். மூத்தவர் போய் அவர்களை அடக்கினார். உள்ளே இருப்பவளுக்காக ஒன்று, இன்னொன்றும் உண்டு: பால் நிற்கும்வரை எதுவும் முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு நோட்டிலும் அடுத்த பரிசோதனை, பன்னிரண்டாம் மாதம் என்றும், கடைசிப் பரிசோதனை, இருபத்துநான்காம் மாதம் என்றும் எழுதவைத்தார்.

மார்ச் 11, செவ்வாய்

ஊக்கத்தொகை இன்னும் வரவில்லை. கிராமத் தலைவர்கள் கூடிப் பேசி, அறுவடையானதும் தன்னார்வத் தாய்மார்களுக்கு வீட்டுக்கு ஒரு தட்டுச் சோளம் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெரிய மனது அவர்களுக்கு. இருந்தாலும் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குச் சம்பளம் கேட்டு நான் எழுதும் கடிதத்தை நிறுத்தப்போவதில்லை. இன்று மூத்தவரிடமும் இளையவளிடமும் அவர்கள் எத்தனை வீடுகளுக்குப் போகிறார்கள், எத்தனை தூரம் நடக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். கடிதத்தோடு அதையும் இணைக்க வேண்டும்.

பத்தொன்பது வயதுப் பெண் தன் தாயோடு வந்திருந்தாள். சொல்லிவிட்டாளாம், மூத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. தாய் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? எப்படிச் சாப்பிட்டாலும் சரி, தினமும் ஒரே நேரத்தில் என்றேன். பிரசவம் மே மாதம்.