ஒரு வசனத்தோடு நிறுத்தாதீர்கள்
வேதாகமத்தில் எரேமியா 29:11 நமக்கெல்லாம் மனப்பாடம். தேவன் நம்மேல் வைத்திருப்பது "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று வாக்குத்தத்தமாகப் பிடித்துக்கொள்கிறோம், சரி. ஆனால் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து நீங்களே வாசித்துப் பாருங்கள்: அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம், முந்தின வசனத்திலேயே 70 வருஷம் கழித்துத்தான் திரும்புவீர்கள் என்று இருக்கிறது, அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்றும் இருக்கிறது. எனக்கு அந்த ஒற்றை வசனத்தைவிட முழுக் கடிதம்தான் அதிக ஆறுதல்.

போதகர் சொல்வதைக் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்போஸ்தலனாகிய பவுல் பிரசங்கித்ததையே பெரோயா பட்டணத்தார் தினமும் வேதத்தைத் திறந்து சரிபார்த்தார்கள் (அப்போஸ்தலர் 17:11), அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்றுதான் எழுதியிருக்கிறது. அப்புறம் நமக்கு என்ன தயக்கம்? இன்றைக்கே எரேமியா 29ஆம் அதிகாரத்தை எடுங்கள், மொத்தமே 32 வசனங்கள்தான்.