சிம்லிங்க் கேச்: இரண்டாம் முறை தேறியவனின் குறிப்புகள்

லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) கோப்பு முறைமைத் தாளின் முடிவு நேற்று வெளியானது. இரண்டாம் முறையில் தேறிவிட்டேன். எழுத்துத் தேர்வுக்குப் பழைய வினாத்தாள்களே போதும். செய்முறைத் தேர்வும் அதைத் தொடர்ந்த வாய்மொழித் தேர்வும்தான் சென்ற முறை என்னைக் கவிழ்த்தன என்பதால், அவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இருமுறையும் வந்த பணி ஒன்றே: சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பின் பாதையைச் சுட்டும் இணைப்புக் கோப்பு, சுட்டும் பாதையை நினைவகத்தில் கேச் செய்ய (மறுபடி தேடாதபடி சேமித்து வைக்க) வேண்டும். ஐநோடின் (ஒரு கோப்பைப் பற்றிய விவரங்களைக் கர்னல் வைத்திருக்கும் பதிவு) ஐ_லிங்க் புலத்தில் பாதையை வைத்துவிட்டால், எல்லாக் கோப்பு முறைமைகளுக்கும் பொதுவான அடுக்கான விஎஃப்எஸ், பாதையைத் தரும் நம் கெட்_லிங்க் செயற்கூற்றை அழைக்காமலேயே அதை எடுத்துக்கொள்ளும் என்பது வரை சென்ற முறையும் சரியாகவே எழுதினேன். பிறகு, ஐநோடை நினைவகத்திலிருந்து வெளியேற்றும்போது அழைக்கப்படும் எவிக்ட்_ஐநோடில், அந்தப் பாதையின் நினைவகத்தை விடுவிக்கும் கேஃப்ரீ போட்டேன். ஒரு பக்கம் இணைப்புகளை அழித்து அழித்து உருவாக்கும் நிரலையும், மறுபக்கம் அவற்றின் வழியே கோப்பைத் திறக்கும் நிரலையும் ஓடவிட்டதும், விடுவித்த நினைவகத்தைத் தொட்டதாக, நினைவகப் பிழைகளைக் கண்டறியும் கர்னல் கருவியான கேசான் அறிக்கையைக் கொட்டியது. தேர்வாளர் திரையைப் பார்த்துவிட்டு, காரணம் ஏதும் சொல்லாமல் அடுத்த எண்ணை அழைத்தார். அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை.

காரணத்தை நானே தேடிக் கண்டேன். ஆர்சியு நடையில், அதாவது பூட்டு ஏதும் போடாமல் வேகமாகப் படித்துச் செல்லும் முறையில், பாதையைத் தேடும் செயல்முறை ஐநோடைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. எனவே அது பாதையின் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருக்கும்போதே வேறொரு சிபியு அந்த ஐநோடை வெளியேற்றிவிடலாம். அப்படிப் படித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் முடிக்கும்வரை காத்திருக்கும் ஆர்சியு காத்திருப்புக் காலம் முடிந்த பின் அழைக்கப்படும் ஃப்ரீ_ஐநோடில்தான் விடுவிக்க வேண்டும். 2019இல் லினக்ஸ் 5.2 பதிப்பில் அந்தச் செயற்கூறு வந்தது. அதே ஆண்டில் யூபிஐஎஃப்எஸ், ஜேஎஃப்எஃப்எஸ்2, டீபக்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகளிலும் இதே பிழை திருத்தப்பட்டது என்று அறிந்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. எப்படிச் சேமிப்பது என்பதற்கு ஒரு மணி நேரம் செலவிட்டால், எப்போது விடுவிப்பது என்பதற்கு ஒரு வாரம் செலவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக:
- கெட்_லிங்குக்கு டென்ட்ரி (கோப்புப் பெயரை ஐநோடோடு இணைக்கும் பதிவு) வெறுமையாக வந்தால் அது ஆர்சியு நடை. வட்டைப் படிக்க முயலாமல், வழக்கமான நடையில் மீண்டும் முயலச் சொல்லும் ஈசைல்ட் பிழையைத் திருப்புங்கள்.
- எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையில் 59 பைட்டு வரையுள்ள பாதை ஐநோடுக்குள்ளேயே அமர்ந்துவிடும். அதற்குத் தனி விடுவிப்பு தேவையில்லை.
- ஒரு பாதையில் பின்தொடரக்கூடிய 40 இணைப்பு வரம்பு, அதை மீறினால் வரும் ஈலூப் பிழை: எனக்குக் கேட்கப்படவில்லை.

மனப்பாடம் எனக்கு வராது. ஆகவே, கோப்புகளை மறையாக்கும் கர்னல் பகுதியான எஃப்எஸ்கிரிப்ட் சிம்லிங்கைக் கையாளும் செயற்கூற்றைத் தாளில் மூன்று முறை கையால் எழுதிப் பார்த்தேன். வேகமாகப் படிப்பவர்களுக்கு இது வீண்வேலையாகத் தோன்றலாம். வாய்மொழித் தேர்வின் முதல் கேள்வியே அதிலிருந்து வந்தது: இரண்டு சிபியுக்கள் ஒரே பாதையை ஒரே நேரத்தில் மறைநீக்கி வைக்க முயன்றால் என்ன ஆகும்? ஐ_லிங்க் காலியாக இருந்தால் மட்டும், இடையில் வேறு யாரும் புகாதபடி ஒரே படியில் வைக்கும் கம்ப்எக்ஸ்சேஞ்ச்_ரிலீஸ் ஒருவரை மட்டுமே வெல்லவிடும், தோற்றவரின் நகல் அவருடைய பயன்பாடு முடிந்ததும் விடுவிக்கப்படும், மற்ற சிபியுக்களுக்குப் பாயிண்டர் (பாதை இருக்கும் இடத்தின் முகவரி) தெரிவதற்கு முன் எழுத்துகள் தெரிந்தாக வேண்டும் என்பதற்கே அந்த ரிலீஸ் என்றேன். மறைநீக்கத் திறவுகோல் இல்லாதபோது ஏன் கேச் செய்வதில்லை என்று அடுத்துக் கேட்டார். அப்போது கிடைப்பது மறையாக்கப்பட்ட பாதையின் உருவம்; திறவுகோல் சேர்ந்ததும் அது பழையதாகிவிடும் என்றேன். இம்முறை அவர் திரையைப் பார்க்கவே இல்லை. மதிப்பெண்ணை எழுதிவிட்டு அடுத்த எண்ணை அழைத்தார்.