நூற்பாலையிலிருந்து சோலாருக்கு: எந்தத் துறைக்குப் போவது என்று நான் பார்த்த விதம்

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்த கையோடு சேர்ந்த வேலை. கல்யாணம், குழந்தைகள், வீட்டுக் கடன் எல்லாமே அந்தச் சம்பளத்தை நம்பித்தான். 2022 செப்டம்பரில் மின் கட்டணம் உயர்ந்தது, பஞ்சு விலை ஒரு இடத்தில் நிற்காமல் ஆடியது, நூலுக்கு ஆர்டர் குறைந்தது. 2023 ஜூலையில் சிறு, நடுத்தர நூற்பாலைகள் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்த சமயத்தில் எங்கள் மில்லிலும் ஷிப்டைக் குறைத்தார்கள். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷின்களில் பாதி தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தன. ஓடாத மெஷினுக்கு எலக்ட்ரீஷியன் எதற்கு என்று நிர்வாகம் கேட்பதற்கு முன்னால் நாமே ஒரு வழி பார்த்துக்கொள்வது நல்லது என்று தோன்றிவிட்டது. அப்போது எனக்கு 39 வயது.

இதே நிலையில் இருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இப்ப எந்தத் துறைங்க வளருது?" என்றுதான். யூடியூபைத் திறந்தால் இதற்குப் பதில் கொட்டும்: ட்ரோன், மின்சார வண்டி, மெடிக்கல் கோடிங், சோலார், காற்றாலை. எல்லாம் வளர்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு துறை வளர்வது வேறு, அந்தத் துறையில் நாற்பதை நெருங்கும் ஓர் ஆளுக்கு, வீட்டிலிருந்து பைக்கில் போய்வரும் தூரத்தில், மாதம் பிறந்தால் சம்பளம் தரும் வேலை இருப்பது வேறு. நான் ஒவ்வொன்றையும் இந்த இரண்டாவது கணக்கில் வைத்துத்தான் பார்த்தேன்.

ட்ரோன் முதலில் கண்ணில் பட்டது. 2021 ட்ரோன் விதிகளின்படி பத்தாவது படித்திருந்தால் போதும், 18 வயதிலிருந்து 65 வரை யாரும் சேரலாம், அங்கீகாரம் பெற்ற மையத்தில் சில நாள் பயிற்சி, சான்றிதழ் 10 வருடத்துக்குச் செல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் பக்கம் உடுமலை வரைக்கும் மக்காச்சோளத்துக்கு மருந்து அடிக்க ட்ரோன் கூப்பிடுகிறார்கள். ஆனால் அது பருவ வேலை, மற்ற மாதங்களில் என்ன செய்வது? சொந்தமாக ட்ரோன் வாங்க லட்சக்கணக்கில் போட வேண்டும், இல்லையென்றால் இன்னொருவர் ட்ரோனுக்கு நாள்கூலி. அதை விட்டுவிட்டேன்.

மின்சார ஸ்கூட்டர் விஷயத்தில் திருப்பூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் தம்பியிடம் உட்கார்ந்து பேசினேன். அவன் சொன்னது எனக்குப் பெரிய திறப்பு: "அண்ணா, பெட்ரோல் வண்டின்னா ஆயில், ஃபில்டர், பிளக்கு, செயினுன்னு ஆள் வந்துட்டே இருப்பாங்க. இதுல பிரேக், டயர், சாஃப்ட்வேர், அவ்வளவுதான். பேட்டரிய நாங்க பிரிக்கவே கூடாது, கம்பெனிக்கு அனுப்பிடணும்." அதாவது வண்டிகளின் எண்ணிக்கை ஏறுகிறது, ஒரு வண்டிக்கு மெக்கானிக் தேவைப்படும் நேரம் இறங்குகிறது. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் தொழிற்சாலைக்குள் போகிற இளைஞர்களுக்கு அது நல்ல வழி, குடும்பத்தோடு இங்கே வேர்விட்ட எனக்கு இல்லை. மெடிக்கல் கோடிங், அதாவது நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக எழுதும் வேலை, உயிரியல் படித்தவர்களுக்கு உரியது.

காற்றாலைதான் மனதுக்குப் பிடித்திருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் தலைக்கு மேல்தான் வீசுகிறது, பல்லடம் தாண்டி உடுமலை போகும் வழியெல்லாம் காற்றாலைகள். பழைய சிறிய காற்றாலைகளைக் கழற்றிப் புதிது நிறுவ 2024இல் மாநில அரசு கொள்கையும் கொண்டு வந்தது. வேலை இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் இப்போது வருகிற கோபுரங்கள் 100 மீட்டரைத் தாண்டுகின்றன. இடுப்பில் பெல்ட் கட்டி உயரத்தில் தொங்கிக்கொண்டு பத்துப் பதினைந்து வருடம் செய்ய வேண்டிய வேலைக்கு 39இல் நுழைவது சரிவராது என்று பட்டது.

சோலாரிலும் உடனே குதிக்கவில்லை. பயிற்சி விளம்பரங்கள் எல்லாம் பிரதமரின் சூர்ய கர் திட்டத்தைத்தான் காட்டின. 2024 பிப்ரவரியில் வந்த திட்டம், ஒரு கோடி வீடுகள் இலக்கு, 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 மானியம். சரி, மானியம் நிற்கும் நாளில் இந்த வேலைக்குக் காசு கொடுக்கப் போவது யார்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஊரை ஒரு சுற்று பார்த்தேன். அப்போது தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டுக்குள் ஓட்டுகிற குடும்பத்துக்குக் கரண்ட் பில் பெரிதாக உறுத்தாது. எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கும் விசைத்தறிகளுக்கு 1,000 யூனிட் வரை இலவசம், அவர்களும் அவசரப்பட மாட்டார்கள். அப்புறம் யார் என்றால், பகலில் மெஷின் ஓட்டி ஒவ்வொரு யூனிட்டுக்கும் முழு விலை கொடுக்கிறவர்கள்: பின்னலாடை கம்பெனிகள், கறிக்கோழிப் பண்ணைகள், அரிசி ஆலைகள், கல்லூரிகள், பெட்ரோல் பங்க்குகள், தாக்குப்பிடித்த நூற்பாலைகள். ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். அது அவர்கள் பில்லில் நேரடியாகக் கழியும். எங்கள் மில்லை முடக்கிய அதே மின் கட்டணம்தான் பக்கத்துக் கம்பெனிக்காரரைக் கூரைமேல் பேனல் போட வைக்கிறது. மானியத்தை நம்பாத வாடிக்கையாளர் இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அடுத்து நான் செய்ததை எல்லோருக்கும் சொல்வேன். சூர்ய கர் இணையதளத்தில் பதிவு செய்த நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் திருப்பூர், கோவை மாவட்டக்காரர்களை எடுத்துப் போன் போட்டேன். வேலை கேட்கவில்லை. "உங்களுக்கு எந்த மாதிரி ஆள் கிடைக்கறதில்லைங்க?" என்று மட்டும் கேட்டேன். சிலர் எடுக்கவில்லை, சிலர் பொருள் விற்கிற ஆள் என்று நினைத்து வைத்துவிட்டார்கள், பேசியவர்கள் தாராளமாகப் பேசினார்கள். பேனல் தூக்கவும், அதைத் தாங்கும் இரும்பு ஸ்ட்ரக்சர் மாட்டவும் ஆள் தாராளமாகக் கிடைக்கிறார்களாம். பேனலின் டிசி மின்சாரத்தை (ஒரே திசையில் ஓடுவது) நாம் பயன்படுத்தும் ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர் ஃபால்ட் காட்டினால் எதனால் என்று கண்டுபிடிக்கிற ஆளும், எர்த்திங்கை ஒழுங்காகப் போட்டு மின்கசிவு பார்க்கும் மெக்கர் கருவி வைத்துச் சோதித்துக் கொடுக்கிற ஆளும், மின்வாரிய விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பாதபடி எழுதத் தெரிந்த ஆளும்தான் பஞ்சம். இந்த மூன்றில் முதல் இரண்டும் நான் மில்லில் தினமும் செய்தது.

மில்லில் ஸ்பீடு கூட்டிக் குறைக்க மோட்டாருக்கு டிரைவ் வைத்திருப்போம். 415 வோல்ட் ஏசி உள்ளே போனால், அதை டிசியாக மாற்றித் தேக்கும் பகுதியில் (டிசி பஸ் என்போம்) 580 வோல்ட் பக்கம் நிற்கும். மெயினை அணைத்தாலும் கெப்பாசிட்டர் இறங்கும் வரை கை வைக்கக் கூடாது என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. சோலார் இன்வெர்ட்டரும் கிட்டத்தட்ட அதே குடும்பம்தான், உள்ளே அதே மாதிரி பாகங்கள், அதே மாதிரி எர்த் ஃபால்ட் (மின்சாரம் எர்த்துக்குக் கசிவது), ஓவர் வோல்டேஜ் எச்சரிக்கைகள். இதைப் புரிந்துகொண்ட நாள் எனக்கு இருந்த பயத்தில் பெரும்பகுதி போனது. தொழில் மாறுகிறவர்கள் தன் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். பதவிப் பெயரை எழுதாதீர்கள், செய்த வேலைகளை எழுதுங்கள்.

பயிற்சிக்கு வருகிறேன். கோவையில் ஒரு தனியார் மையம் 45,000 ரூபாய் கேட்டது, நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்றது. போன வருடம் படித்து இப்போது வேலையில் இருக்கிறவர்களில் யாரிடமாவது பேச ஏற்பாடு செய்யுங்கள் என்றேன். கடைசிவரை செய்யவில்லை. மத்திய அரசின் சூர்யமித்ரா பயிற்சி இலவசம். குருகிராமில் உள்ள தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் அங்கங்கே உள்ள மையங்கள் வழியாக நடத்துவது, 600 மணி நேரம், அதாவது மூன்று மாதம், தங்கிப் படிக்கும் வசதியும் உண்டு. எலக்ட்ரீஷியன், வயர்மேன் மாதிரி ஐடிஐ படித்தவர்களை எடுப்பார்கள். பக்கத்தில் எப்போது பேட்ச் தொடங்கும் என்று பார்த்துக் காத்திருக்க வேண்டும், அந்தப் பொறுமை தேவை. நான் காத்திருந்து சேர்ந்தேன்.

வகுப்பில் என்னை மிகவும் உலுக்கியது டிசி ஆர்க், அதாவது டிசி மின்சாரத்தில் எழும் பொறி. ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வருவதால் பொறி தானாக அணைய வாய்ப்பு இருக்கிறது. டிசியில் அந்த இடைவெளியே கிடையாது, லோடு ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் பொறி நீண்டு எரிந்துகொண்டே இருக்கும். அதோடு வெயில் அடிக்கும் வரை பேனலை அணைக்க ஸ்விட்ச் என்று ஒன்று கிடையாது. இருபது வருடம் ஏசியில் பழகிய கைக்கு இதைப் புதிதாகப் படிய வைக்க வேண்டியிருந்தது. அனுபவம் இருக்கிறது என்பதற்காகப் பயிற்சியைத் தவிர்க்காதீர்கள், உயிர் போகும் விஷயம் இது.

வீட்டில் பணக் கணக்கைத் திறந்து வைத்துப் பேசினோம். என் மனைவி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். "அங்க போனா இந்தச் சம்பளம் வர எத்தன மாசம் ஆகுமுங்க?" என்று கேட்டாள். ஒரு வருடம் ஆகலாம் என்றேன். மில்லை விட்டு விலகும்போது வரும் பணிக்கொடையான கிராஜுவிட்டித் தொகையை மொத்தமாகச் செலவழிக்காமல் தனியாகப் போட்டு, அதிலிருந்து மாதம் குறைகிற பணத்தை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். ஐந்து வருடம் முடித்தவர்களுக்குக் கிராஜுவிட்டி உரிமை, கடைசிச் சம்பளத்தின் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்த்து, அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, பணியாற்றிய வருடங்களால் பெருக்கினால் வருகிற தொகை. மில்லை விட்டு வருகிறவர்கள் பலர் இதைக் கேட்டு வாங்காமல் வந்துவிடுகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மில்லில் 22 ஆயிரம் வாங்கியவன் சோலார் நிறுவனத்தில் 15 ஆயிரத்துக்குச் சேர்ந்தேன். எனக்கு மேலே இருந்த என்ஜினியருக்கு வயது 24, என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார், நான் அவரை சார் என்பேன், இதில் இரண்டு பேருக்கும் சங்கடம் இருந்ததில்லை. முதல் மாதங்கள் ஸ்ட்ரக்சர், கேபிள், பேனல் தூக்குதல் என்று உடம்பு வேலைதான். ஒரு பேனல் 28 கிலோ பக்கம் இருக்கும், ஆளுயரத்துக்கும் மேல் நீளம், காற்றடிக்கும்போது தகரக் கூரையில் அதைத் திருப்புவது சாதாரணம் இல்லை.

நிலைமை மாறியது ஒரு கோழிப் பண்ணையில். மழைக் காலம், தினமும் காலையில் இன்வெர்ட்டர் எர்த் ஃபால்ட் காட்டி நிற்கும், பத்து மணி வாக்கில் தானே ஓட ஆரம்பிக்கும். இன்வெர்ட்டரை மாற்றலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஈரம் காய்ந்ததும் சரியாகிறது என்றால் எங்கோ கேபிள் தோல் உரிந்து ஸ்ட்ரக்சரைத் தொடுகிறது என்று எனக்குப் பட்டது, மில்லில் ஈரப்பத பிளான்ட் மோட்டார்களில் இதே தொல்லையைப் பார்த்திருக்கிறேன். காலையிலேயே போய், வரிசையாக இணைத்த பேனல்களின் தொடரை (ஸ்ட்ரிங்) இன்வெர்ட்டரிலிருந்து தனியாகப் பிரித்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அளந்தேன். 14 பேனல் வரிசை, மொத்தம் 630 வோல்ட். பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் நடுவில் 180, நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் 450. பேனலுக்கு 45 வோல்ட் என்றால் 180 என்பது நாலு பேனல், அதனால் கோளாறு பாசிட்டிவ் முனையிலிருந்து நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் இடையில் இருக்க வேண்டும். போய்ப் பார்த்தால் அங்கேதான், துத்தநாகம் பூசிய இரும்புச் (ஜிஐ) சட்டத்தின் கூர் விளிம்பில் கேபிள் நசுங்கி செம்பு தெரிந்தது. அந்த வேலைக்குப் பிறகு என்னை நிறுவல் குழுவிலிருந்து எடுத்துப் பராமரிப்புக்கு மாற்றினார்கள், சம்பளமும் மெல்ல மில் சம்பளத்தைத் தாண்டியது.

ஐடிஐ படிக்காத பழைய நண்பர்கள் கேட்டதற்கும் சொல்கிறேன். வயரிங் வேலையில் 5 வருட அனுபவமும் 21 வயதும் ஆகியிருந்தால் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம், அரசு ஐடிஐயில் விசாரித்தால் அறிவிப்பு எப்போது என்று சொல்வார்கள். மூட்டு வலி உள்ளவர்கள், கூரை ஏற முடியாதவர்கள் விண்ணப்பம், ஆவணம், தொலைவிலிருந்து உற்பத்தியைக் கண்காணிக்கும் வேலை என்று கேட்டுப் பாருங்கள். பெண்கள் இதில் நன்றாகச் செய்வதை எங்கள் அலுவலகத்திலேயே பார்க்கிறேன்.

நான் இப்போது பேட்டரி பக்கம் படித்துக்கொண்டிருக்கிறேன். கரண்ட் போனால், பேட்டரி இல்லாத சாதாரண சோலார் இன்வெர்ட்டர் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும், நல்ல வெயிலில் கூரை நிறையப் பேனல் இருந்தும் கம்பெனி இருட்டில் நிற்கும். அதைப் பார்த்த முதலாளிகள் பேட்டரியோடு சேர்த்துப் போட முடியுமா என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். இந்த முறையும் முதல் வேலையாக, பேட்டரி பொருத்துகிற நிறுவனங்களுக்குப் போன் போட்டு, எந்த மாதிரி ஆள் கிடைப்பதில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.