கிரியாட்டினின் சரி, எலும்பு எப்படி இருக்கிறது?

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்த பிறகு பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது கிரியாட்டினின் எவ்வளவு என்றுதான், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு அது. எனக்கு அது சீக்கிரமே இறங்கிவிட்டது. இறங்குவேனா என்று அடம்பிடித்தது பிடிஎச். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோன் அது. டயாலிசிஸ் காலம் முழுக்க பாஸ்பரஸ் ஏறி, வைட்டமின் டி குறைந்து, அந்தச் சுரப்பிகள் ஓயாமல் வேலை செய்து பருத்துப் போயிருக்கும். புதுச் சிறுநீரகம் வந்த சேதி அவற்றுக்கு உடனே எட்டுவதில்லை, அவை பாட்டுக்கு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொண்டே இருக்கும்.

என் ரிப்போர்ட்டில் கால்சியம் 10.8, பாஸ்பரஸ் 1.9. பாஸ்பரஸ் ஏறக்கூடாது என்று வருடக்கணக்கில் சாப்பாட்டோடு மாத்திரை விழுங்கியவனிடம் இப்போது பாஸ்பரஸ் போதவில்லை என்றால் சிரிப்பு வராதா? பிடிஎச்சும் எஃப்ஜிஎஃப் 23 என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்துகொண்டு, நன்றாக வேலை செய்யும் புதுச் சிறுநீரகம் வழியாக அதை வெளியே தள்ளுகின்றனவாம். ஆரம்ப மாதங்களில் இது சகஜம், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். கால்சியம் மட்டும் இறங்கவே இல்லை, அதற்கு பிடிஎச்சை அடக்கும் சினகால்செட் மாத்திரை தொடங்கினார்கள்.

இதோடு, புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு எலும்பைத் தேய்க்கும். எலும்பு அதிகம் தேய்வது முதல் வருடத்தில்தான் என்பதால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எழுதிக்கொடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை. படுக்கவைத்து முழங்காலுக்கு அடியில் ஒரு பெட்டியை வைத்து முதுகெலும்பைப் படம் எடுக்கிறார்கள், அப்புறம் பாதத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டி இடுப்பு. வலியே இல்லை. ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி ஸ்கோர் -2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய், எனக்கு அதைத் தொடாமல் சற்று மேலே நின்றது.

எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து கொடுங்களேன் என்று கேட்டேன். டாக்டர் அவசரப்படவில்லை. எலும்பு வேகமாகக் கரைகிறதா, இல்லை புதுப்பிக்கும் வேலையே மந்தமாகிக் கிடக்கிறதா என்று ஸ்கேன் சொல்லாது. மந்தமாகிக் கிடப்பதை இன்னும் அடக்கும் மருந்தைக் கொடுத்து என்ன பயன் என்றார். அதனால்தான் பிடிஎச்சோடு எலும்பு உருவாகும் வேகத்தைக் காட்டும், எலும்பு சார்ந்த ஆல்கலைன் பாஸ்படேஸையும் ரத்தத்தில் பார்க்கச் சொன்னார். எலும்பு கரைவதைக் காட்டும் சிடிஎக்ஸ் என்று இன்னொன்று உண்டு, ஆனால் அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் நம்மைப் போன்றவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் குழம்பும். அதையும் எழுதியிருந்தால் காலையில் வெறும் வயிற்றில் போங்கள், நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவுக்கும் மாத்திரை போடும் முன்புதானே ரத்தம் எடுக்கிறார்கள், இரண்டையும் ஒரே ஊசியில் முடித்துவிடலாம். முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லேபில் சொல்லிவிடுங்கள், சில லேப் முறைகளில் பிடிஎச்சை அது குறைத்துக் காட்டும்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தொடை இடுக்கில் வலி வந்தால் ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். ஸ்டீராய்டால் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்றுபோவது இந்த ரத்தப் பரிசோதனைகள் எதிலும் தெரியாது, தொடக்கத்தில் எக்ஸ்ரேயிலும் தப்பிவிடும். எம்ஆர்ஐ வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.