ஆறு ஆக்டல் எண்களும் தலைகீழான ஒரு நீளமும்: யுனிக்ஸ் ஆறாம் பதிப்பை நாடாவிலிருந்து ஏற்றிய அனுபவம்

நான்கு மாலைகள் தொடர்ந்து தோற்ற பிறகு, கடந்த ஞாயிறு இரவு பதினொரு மணியளவில் திரையின் இடது ஓரத்தில் ‘=’ என்ற ஒற்றைக் குறி வந்து நின்றது. பெல் ஆய்வகத்திலிருந்து 1975 மே மாதத்தில் வெளிவந்த யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பைச் சுமந்த விநியோகக் காந்த நாடா, தன்னை ஏற்ற வந்தவரிடம் முதன்முதலில் கேட்கும் கேள்வி அந்தக் குறிதான். அதைக் கண்ட மகிழ்ச்சி இன்னும் அடங்கவில்லை. அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

யாரோ நிறுவி முடித்துவைத்த வட்டுப் பிம்பத்தை (ஒரு வட்டின் முழு நகலான கோப்பை) தரவிறக்கி, பழைய கணினிகளை மென்பொருளால் போலிசெய்யும் சிம்-ஹெச் சிமுலேட்டரில் இணைத்து, பத்து நிமிடத்தில் லாகின் பார்த்துவிடலாம் என்பது இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததே. சென்ற ஆண்டு நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆனால், அன்று ஒரு பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்த ஒரு சுருள் நாடாவைக் கொண்டு, வெறும் வட்டும் வெறும் நினைவகமும் இருந்த பிடிபி-11 என்ற அக்காலக் கணினியில் அங்கிருந்தவர்கள் எப்படி இயங்குதளத்தை உயிர்ப்பித்தார்கள் என்பதை அந்தக் குறுக்குவழி காட்டுவதில்லை. அந்த முதல் அரைமணி நேரத்தை முழுமையாகச் செய்து பார்க்க வேண்டும் என்பதே இம்முறை என் ஆசை.

நாடாவின் அமைப்பு எளிமையானது. பிளாக்குகள் எனப்படும் 512 பைட் துண்டுகள் 12,100 அதில் இருக்கின்றன. முதல் 100 பிளாக்குகள் ஏற்றுவதற்கான சிறு நிரல்கள். அடுத்த 4,000 ரூட் கோப்பு முறைமை, அதாவது இயங்குதளம் ஓடத் தேவையான கோப்புகள். அதற்கடுத்த 4,000 மூல நிரல்கள். கடைசி 4,000 ஆவணங்கள். அன்றைய ஆர்கே05 வட்டு ஒன்றில் 4,872 பிளாக்குகள், அதாவது 24,94,464 பைட்டுகள், கொள்ளும். கோப்புகளுக்கு 4,000 போக எஞ்சிய 872 பிளாக்குகளை ஸ்வாப்புக்கு (நினைவகத்தில் இடம் போதாதபோது நிரல்களைத் தற்காலிகமாக வைக்கும் இடத்துக்கு) ஒதுக்கியிருக்கிறார்கள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அடங்காத வட்டில், நிரல்களை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரோடு சேர்ந்த ஒரு முழு இயங்குதளம் இருக்கிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

இனி, என்னை நான்கு மாலைகள் நிறுத்திவைத்த படிக்கு வருகிறேன். டியு10 நாடா இயக்கியிலிருந்து முதல் பிளாக்கைப் படிக்க, ஆறே ஆறு ஆக்டல் (0 முதல் 7 வரையான இலக்கங்களால் எழுதும்) எண்களை நினைவகத்தில் 100000 என்ற முகவரியிலிருந்து கையால் இட வேண்டும்: 012700, 172526, 010040, 012740, 060003, 000777. அன்று முன்பலகையின் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி இட்டார்கள். நான் சிமுலேட்டரின் கட்டளை வரியில் இட்டேன். பிறகு அந்த முகவரியிலிருந்து ஓடவிட்டால் நாடா ஒரு ரெக்கார்டு (இந்த நாடாவில் ஒரு பிளாக்) நகர்ந்து, அதன் உள்ளடக்கம் நினைவகத்தின் 0 முகவரியில் வந்து அமரும். இயந்திரம் கடைசிக் கட்டளையிலேயே சுழன்றுகொண்டிருக்கும். அதை நிறுத்திவிட்டு 0-இலிருந்து மறுபடி தொடங்கினால் ‘=’ வர வேண்டும். எனக்கு வரவில்லை. ஒவ்வொரு முறையும், நாடாவில் உள்ள ரெக்கார்டின் நீளம் செல்லாது என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டிவிட்டு சிமுலேட்டர் நின்றுவிட்டது.

நீளம் என்ற சொல்லைப் பார்த்ததும், எத்தனை பைட் படிக்க வேண்டும் என்று இயக்கிக்குச் சொல்லும் இடத்தில்தான் பிழை என்று முடிவுகட்டி, அந்த ஆறு எண்களையும் கட்டளைகளாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். முதல் இரண்டு எண்களும் சேர்ந்து, நாடாக் கட்டுப்பாட்டகத்தின் நினைவக முகவரி ரெஜிஸ்டர் (ஓர் எண்ணை வைக்கும் சிறு இடம்) இருக்கும் 172526 என்ற முகவரியை, செயலியின் சொந்த ரெஜிஸ்டரான ஆர்0-இல் வைக்கின்றன. மூன்றாவது எண், ஆர்0-ஐ ஒரு படி பின்னுக்கு நகர்த்தி, அங்கே இருக்கும் பைட் எண்ணிக்கை ரெஜிஸ்டரில் ஆர்0-இன் மதிப்பையே எழுதுகிறது. இங்கேதான் எனக்குச் சந்தேகம் வலுத்தது. 512 என்று எழுத வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு முகவரியை எழுதினால் எப்படிச் சரியாகும்?

தாளில் கணக்குப் போட்ட பிறகுதான் விளங்கியது. அந்த ரெஜிஸ்டர் எண்ணிக்கையை எதிர்ம எண்ணாக எடுத்துக்கொள்கிறது. 172526 என்ற ஆக்டல் எண்ணை 16 பிட் எதிர்ம எண்ணாகப் படித்தால், ஏறத்தாழ 2,700 பைட் வரை படிக்கலாம் என்று பொருளாகிறது. ரெக்கார்டு 512 பைட்டிலேயே முடிந்துவிடுவதால், இயக்கியும் அங்கேயே நின்றுவிடும். கையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு முகவரியே போதுமான அளவு பெரிய எண்ணாகவும் இருப்பதால், தனியாக ஓர் எண்ணைச் சுவிட்சுகளில் தள்ளும் வேலை மிச்சம். நான்காவதும் ஐந்தாவதும் இன்னும் ஒரு படி பின்னுக்குப் போய், ‘ஓர் அங்குலத்துக்கு 800 பிட், ஒன்பது தடம், படி, புறப்படு’ என்ற நான்கு செய்திகளையும் 060003 என்ற ஒரே எண்ணில் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டருக்குக் கொடுக்கின்றன. ஆறாவது, தன்னிடமே திரும்பத் தாவும் கட்டளை. நினைவக முகவரி ரெஜிஸ்டரைத் தொடவே இல்லை. ரீசெட் ஆனவுடன் அது 0-ஆக இருக்கும் என்பதால் அதற்கும் ஓர் எண்ணை மிச்சப்படுத்திவிட்டார்கள். கையால் சுவிட்சு தள்ளிப் பழகியவர்களால்தான் இவ்வளவு இறுக்கமாக எழுத முடியும். மூன்று மாலைகள் இதில் போனதை நான் வீண் என்று கருதவில்லை.

ஆனால் பிழை அங்கே இல்லை. நான்காம் மாலை, வேறு வழியின்றி நாடாப் பிம்பத்தையே பைட் பைட்டாக விரித்துப் பார்த்தேன். சிம்-ஹெச் நாடாக் கோப்பில் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் முன்னும் பின்னும் அதன் நீளம் நான்கு பைட்டுகளில், சிறிய பைட் முதலில் வருமாறு எழுதப்பட்டிருக்க வேண்டும். 512 என்பது 00 02 00 00 என்று இருக்க வேண்டும். என் கோப்பில் 00 00 02 00 என்று இருந்தது. மூலப் பிம்பத்தை நாடா வடிவத்துக்கு மாற்ற நானே எழுதிய பைத்தான் நிரலில், பைட் வரிசையைக் குறிக்கும் கூர்க்குறி ‘<’ எதிர்ப்பக்கம் ‘>’ என்று திரும்பியிருந்தது. சிமுலேட்டர் அதை 1,31,072 பைட் நீளமுள்ள ரெக்கார்டு என்று படித்து, இது செல்லாது என்று மறுத்திருக்கிறது. இவ்வளவு நாள் இது கண்ணில் படாமல் போனதற்குக் காரணமும் உண்டு. 12,100 ரெக்கார்டுகள், ஒவ்வொன்றுக்கும் எட்டு பைட் உறை, முடிவைக் காட்டும் நான்கு பைட் நாடாக் குறிகள் இரண்டு என்று கூட்டினால் 62,92,008 பைட் வர வேண்டும். என் கோப்பின் அளவு அந்த எண்ணோடு அப்படியே பொருந்தியது. அளவு சரியாக இருந்ததால் உள்ளடக்கமும் சரி என்று நம்பிவிட்டேன்.

பழைய இயங்குதளங்களைப் பாதுகாப்பது பற்றி நான் கொண்டிருந்த எண்ணத்தையே இந்த எட்டு பைட் உறை மாற்றிவிட்டது. நாடாவில் இருந்ததை ஒரே நீளக் கோப்பாக எடுத்து வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். ஆனால் அப்படி எடுக்கும்போது எங்கே ஒரு ரெக்கார்டு முடிந்தது, எங்கே நாடாக் குறி இருந்தது என்ற செய்தி அழிந்துவிடுகிறது. இந்த நாடாவில் எல்லா ரெக்கார்டும் 512 என்பதால் நம்மால் உறையை மீண்டும் போட முடிகிறது. ரெக்கார்டுகள் வெவ்வேறு நீளத்தில் எழுதப்பட்ட நாடாவாக இருந்தால், மூல நாடா அழிந்த பிறகு அந்த எல்லைகளை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2025-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் கண்டெடுக்கப்பட்ட யுனிக்ஸ் நான்காம் பதிப்பின் நாடாவைக் கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் படித்தபோது, படிப்பியின் தலையிலிருந்து வரும் மின்னலையையே அப்படியே பதிவுசெய்து, பிட்டுகளைப் பின்னர் மென்பொருளால் பிரித்தெடுத்தார்கள். இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பெரும்பகுதி சி மொழிக்கு மாறிய பதிப்பு அது. ஒரே ஒரு சுருள்தான் கையில் இருக்கும்போது அந்த அளவு எச்சரிக்கை தேவைதான் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

கூர்க்குறியைத் திருப்பியதும் எல்லாம் விறுவிறுவென்று நடந்தன. ‘=’ குறிக்கு எதிரே, நாடாவிலிருந்து வட்டுக்கு நகலெடுக்கும் நிரலான டிஎம்ஆர்கேயின் பெயரைக் கொடுத்து, நாடாவின் 100-ஆவது பிளாக்கிலிருந்து வட்டின் 0-க்கு ஒரு பிளாக், மறுபடி 101-இலிருந்து 1-க்கு 3,999 பிளாக்குகள் என்று இரண்டு நகல்கள். வட்டிலிருந்து பூட் செய்ததும் ‘@’ வந்தது; கெர்னல் கோப்பின் பெயரான ஆர்கேயுனிக்ஸ் என்பதை அடித்தேன். சுவிட்சு ரெஜிஸ்டரில் 173030 வைத்திருந்ததால் ஒற்றைப் பயனர் நிலையில் ‘#’ தோன்றியது. அதற்குச் சற்று முன், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்துடனான ஒப்பந்தத்தின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டே இதைப் பயன்படுத்தலாம் என்ற அறிவிப்பும் திரையில் ஓடியது. அந்த ஒப்பந்தம் இல்லாத நான் இதை ஓடவிட முடிவது, 2002 ஜனவரியில் கால்டெரா நிறுவனம் பழைய யுனிக்ஸ் பதிப்புகளைத் திறந்த உரிமத்தில் விடுவித்ததால்தான்.

முதலில் எல்லா எழுத்தும் பெரிய எழுத்தாகவே வந்தன. தாளில் அச்சிடும் அன்றைய முனையமான மாடல் 33 டெலிடைப்பில் சிறிய எழுத்தே கிடையாது என்பதால், அத்தகைய முனையத்தையே கன்சோலாக எண்ணிக்கொண்டு இயங்குதளம் விழித்தெழுகிறது. முனையத்தின் அமைப்புகளுக்கான எஸ்டிடிஒய் கட்டளையால் மாற்றிய பிறகே சிறிய எழுத்துகள் வந்தன. தவறாக அடித்த எழுத்தை அழிக்க ‘#’, வரி முழுவதையும் அழிக்க ‘@’ என்பது விரலுக்குப் பழக இரண்டு நாள் ஆயிற்று. அடைவு மாற இன்று அடிக்கும் சிடி கட்டளை கிடையாது. சிஎச்டிர் என்று முழுதாக அடிக்க வேண்டும். சிறிய சி நிரல் ஒன்றை எழுதி கூட்டி வைக்கும் ‘+=’ குறியைப் போட்டபோது கம்பைலர் ஏற்க மறுத்தது. அன்று அது ‘=+’ என்றுதான் எழுதப்பட்டது; வரிசை மாறியது பிற்காலத்தில்.

எந்தெந்தச் சாதனங்கள் உண்டு என்று கெர்னலுக்கு அமைத்துத் தரும் எம்கேகான்ஃப் நிரலைக் கம்பைல் செய்து, ஆர்கே வட்டு, டிஎம் நாடா, முனையங்களுக்கான எட்டு டிசி-11 இணைப்புகள் ஆகியவற்றைச் சொல்லி, புதிய கெர்னலைக் கட்டியும் விட்டேன். மூல நிரல்கள் கென், டிஎம்ஆர் என்ற இரண்டு அடைவுகளில் கிடக்கின்றன: ஒன்று கென் தாம்சனின் பெயர், மற்றது டென்னிஸ் ரிட்சியின் முதலெழுத்துகள். நான்கு மாலைகள் நான் மல்லுக்கட்டிய அதே நாடாக் கட்டுப்பாட்டகத்துக்கான டிரைவர் இரண்டாவது அடைவில் இருக்கிறது. அதைத் திறந்து, அதே ரெஜிஸ்டர்களையும் அதே 800 பிட் அடர்த்தியையும் சி மொழியில் பார்த்தபோது, முன்பே பழகிய ஒருவரை எதிர்பாராத ஊரில் சந்தித்ததுபோல் இருந்தது.

இதற்கிடையில் பிடிபி-11/70 முன்பலகையின் சிறுவடிவப் பிரதி ஒன்றையும் வாங்கிவிட்டேன். உள்ளே ராஸ்பெரி பை என்ற சிறு கணினி இதே சிமுலேட்டரை ஓட்டும். வெளியே உண்மையான சுவிட்சுகள். அதற்காக உள்ளூர்க் கடையொன்றில் வாங்கிய ஈயக் கம்பி சரியாக உருகாமல் உருண்டை உருண்டையாகத் திரண்டு, நான்கு விளக்குகளின் இணைப்பைக் கெடுத்துவிட்டது. இந்த வேலைக்கு ஈயக் கம்பி வாங்குபவர்கள், உள்ளே ஃப்ளக்ஸ் (ஈயம் உலோகத்தில் ஒட்ட உதவும் பொருள்) இருக்கிறதா என்று விற்பவர் வாய்ச்சொல்லை நம்பாமல், ஒரு துண்டு வெட்டி உருக்கிப் பார்த்துவிட்டே வாங்குங்கள். பலகை முடிந்ததும் 173030-ஐ எட்டுச் சுவிட்சுகளை மேலே தள்ளிக் கையாலேயே வைத்து, ஆறு எண்களையும் அப்படியே இட்டு நாடாவை ஏற்றப் போகிறேன். அதன் பிறகு, 1972 ஜூன் தேதியிட்ட அச்சுப் பட்டியலிலிருந்து 2008-இல் மீட்கப்பட்ட முதல் பதிப்பின் கெர்னல். அதையும் தாண்டினால் பிடிபி-7-இல் 1969-இல் பிறந்த யுனிக்ஸ்.

அதற்கு முன் கையில் உள்ளதை முடிக்க வேண்டும். மூல நிரல் வட்டை நாடாவிலிருந்து 4,100 பிளாக்குகளைத் தள்ளி நகலெடுத்தாயிற்று. ஆவண வட்டுக்கு 8,100 தள்ள வேண்டும், அது நாளை. டிசி-11 இணைப்புகள் வழியாக இரண்டாவது முனையத்தைத் திறந்தால் லாகின் வரி இன்னும் வரவில்லை. முனையங்களைப் பட்டியலிடும் டிடிஒய்எஸ் கோப்பில் எட்டு வரிகளையும் திருத்திய பிறகும் அமைதியாகவே இருக்கிறது. நேற்று இரவு நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதும் சிங்க் கட்டளையை மூன்று முறை கொடுத்து இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். இன்று மாலை அந்த எட்டு வரிகளிலிருந்து மறுபடி தொடங்குகிறேன்.