பெத்தாவின் வீட்டு இலக்கம்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு நான் கிராம உத்தியோகத்தராகப் போனபோது மண்முனைப் பாலம் இல்லை. அது 2014இல்தான் திறந்தது. அதுவரை காலையில் துறையில் பாதை என்கிற மிதவைப் படகுக்குக் காத்து நின்று, மோட்டார் சைக்கிளையும் ஏற்றி, வாவியைக் கடந்து போக வேண்டும். முதல் மாதம் ஊரில் ஒருவரும் என் பெயரைக் கேட்கவில்லை. விதானை என்ற பழைய ஊர்த்தலைவர் பதவியை ஒழித்து 1963இலேயே கிராம சேவகர்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனாலும் ஊருக்கு நான் 'விதானைப் புள்ள'. அந்தப் பட்டத்தைத் தந்தது பெத்தாதான்.

அவருக்குப் பேரப்பிள்ளைகள் மட்டுமே பதினேழு பேர். பெத்தா என்றால் எங்கள் பக்கத்தில் பாட்டி. மற்றவர்களுக்கும் அவர் பெத்தாதான்.

வாக்காளர் இடாப்புத் திருத்தத்துக்குப் படிவங்களோடு போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. கடப்படியில் வெற்றிலை வட்டாவோடு உட்கார்ந்திருந்தார். ஒரே வளவுக்குள் நாலு வீடு.

"பெத்தா, நீங்க எந்த வீட்டில இருக்கிறீங்க?"

"உனக்கு எது வசதியோ அதில போடு, புள்ள. மறுகா நான் மாறிக்கொள்ளுறன்."

பகிடி என்றுதான் நினைத்தேன். அலுவலக அலுமாரியில் பூச்சி தின்றது போக மிஞ்சிக் கிடந்த பழைய இடாப்புகளைப் புரட்டியபோதுதான் விளங்கியது. ஒரு வருடம் அவர் பெயர் 41ஆம் இலக்கத்தில் இருக்கிறது. பிறகு 41/1. சில வருடம் கழித்து 41/2. அப்புறம் 41/3. ஒவ்வொரு முறையும் அவர் விட்டுப் போன இலக்கத்தில் ஒரு மகளின் பெயரும் புதிதாக ஒரு ஆணின் பெயரும் ஏறியிருந்தன.

மட்டக்களப்பில் பிறந்த எனக்கு இது புதினம் இல்லை. இங்கே குடி என்கிற குலப்பிரிவு தாய்வழி, வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை உள்ளே வருவார், பெற்றவர்கள் வெளியே போய் இன்னொரு வீடு கட்டுவார்கள். மட்டக்களப்பின் பழைய வழமைச் சட்டமான முக்குவர் சட்டம் 1876இல் வழக்கிழந்தது என்று படித்திருக்கிறேன். பெத்தாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை போலும். ஆனால் அறிந்த வழக்கம் என்பது வேறு, ஒரு மனுசி வீடு வீடாக நகர்ந்து போனதை அரசாங்கத் தாளில் பார்ப்பது வேறு.

புருசன் இளவயதில் போய்விட்டார். வேளாண்மையை இவரே நின்று பார்த்தார். சூடடிக்கிற நாளில் வயல்வாடியிலேயே படுத்துக் கிடப்பாராம். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்தது 1977இல். மறுவருடம் நவம்பர் 23இல் சூறாவளி வந்து கூரையைத் தூக்கி எறிந்தது. கொடுத்த வீடு கொடுத்ததுதானே, மருமகன் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்திருக்கலாம். காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றி விற்று ஓடு போட்டிருக்கிறார். "ஓட்டை வீட்டைக் குடுத்துட்டுச் சீதனம் எண்டு சொல்லுறதா?" என்று என்னிடமே கேட்டார், அது என் பிழை போல.

2007 இடம்பெயர்வில் எல்லோரும் சட்டி பானையைத் தூக்க, இவர் பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதிகளை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். "நெல்லை விட்டுட்டு வரலாம். உறுதியை விட்டுட்டு வரேலா."

மகன்மாருக்கு அவர் நடந்துகொண்டது நியாயமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டு பேர். இரண்டு பேரும் பெண்சாதிமாரின் வளவுகளில் இருந்தார்கள். சின்னவர் அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் அந்தக் கதையை ஒருமுறை எடுக்காமல் போகமாட்டார்.

பிறப்புச் சான்றிதழ் பெத்தாவுக்கு இல்லை. அடையாள அட்டையில் பிறந்த வருடம் 1938. "அந்த நாளையில இருந்த ஜீ.எஸ். என்னை மேலும் கீழும் பார்த்துட்டு எழுதினவர்" என்று அன்றைய கிராம சேவகரைச் சொல்லுவார். அவர் கணக்கே வேறு. 1957 வெள்ளத்தில் மூத்தவள் வயிற்றில், சூறாவளியில் கடைக்குட்டி இடுப்பில். பழைய வேலி எல்லைப் பிரச்சினை வந்தால், அறிக்கை எழுதுமுன் நான் அவரிடம்தான் போவேன். எந்தப் பூவரசு யார் நட்டது என்று சொல்லுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தன் வளவு எல்லை என்றால் மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும்.

போருக்குப் பிறகு வந்த ஒரு வீட்டுத்திட்டத்துக்கு அவர் பெயரை நானே எழுதி அனுப்பினேன். விண்ணப்பம் திரும்பி வந்தது. சொந்தப் பெயரில் காணி இல்லையாம். ஊரிலேயே இவ்வளவு காணியை உறுதி எழுதிக் கொடுத்த மனுசி கோப்பில் காணியற்றவர். எனக்கு வந்த கோபத்தில் பாதிகூட அவருக்கு வரவில்லை. வெற்றிலையைக் கிள்ளியபடி, "நாலு வீடு காணாதா எனக்கு?" என்றார்.

அவர் போனது பெரும்போக அறுவடைக் காலத்தில், விடியப்புறம், நித்திரையில். வீட்டில் நடந்த மரணம் என்பதால் பதிவுக்கு நான் அறிக்கை எழுத வேண்டும். பந்தலின் ஓரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். பெயர் எழுதினேன். தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று சொன்னார்கள். நான் 'விவசாயம்' என்று எழுதினேன். அடுத்தது வதிவிடம்.

சோறு மூத்தவள் வீட்டில். குளிப்பு இரண்டாமவளின் கிணற்றடியில். பகல் முழுக்க மூன்றாமவளின் விறாந்தை. பாய் விரித்தது கடைசி மகள் வீட்டில். நாலு பேரும் தங்கள் இலக்கத்தைச் சொன்னார்கள், அழுதுகொண்டே, ஆனால் விட்டுக்கொடுக்காமல்.

அடையாள அட்டையைக் கேட்டேன். எழுபதுகளில் எடுத்த அட்டை, ஓரம் பிரிந்து கிடந்தது. முகவரி 41. அதையே எழுதினேன்.

கடைக்குட்டி எட்டிப் பார்த்தாள். "மிஸ், அது அக்காட வீடெல்லோ" என்றாள்.

அக்கா ஒன்றும் சொல்லாமல் வட்டாவை என் பக்கம் நகர்த்தினார்.