எழுபத்தைந்து வயது கேடட்டுகளோடு பாண்டிச்சேரி

பாண்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரைச் சாலைக்கு 300 ரூபாய் கேட்டார் ஆட்டோக்காரர். மூன்று கிலோமீட்டர்கூட இல்லாத தூரம். மீட்டர் பக்கம் கை போகவே இல்லை, இந்த ஊரில் அது அலங்காரத்துக்குத்தான். நான் 120 என்றேன். அவர் பெரியப்பாவின் மீசையையும் தொப்பியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "மிலிட்டரியா சார்? உங்களுக்காக 250" என்றார். பெரியப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பேரம் அதோடு முடிந்தது. பணம் கொடுத்தது நான்.

கடலூரிலிருந்து வந்த பஸ் இதைவிட மோசம். ஆல்பேட்டை தாண்டியதும் டிரைவருக்கு என்ன வந்ததோ, முன்னால் போன பஸ்ஸை முந்தாமல் விடுவதில்லை என்று கிளம்பிவிட்டார். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் எல்லாம் ஏர்ஹாரன் சத்தத்திலேயே போயின. ஸ்பீக்கர் சரியாக என் தலைக்கு மேல். கார் எடுக்கலாம் என்று முதல் நாள் ராத்திரியே கெஞ்சிப் பார்த்தேன். "இருபத்திரண்டு கிலோமீட்டருக்குக் காரா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். கர்னலாக ஓய்வு பெற்றவர், முட்டி மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பா 1967-ல் புனே பக்கத்தில் கடக்வாசலாவிலிருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்தவர். அங்கே மூன்று வருஷம், அப்புறம் டேராடூனில் ஒரு வருஷம், 1971-ல் கமிஷன், அதாவது அதிகாரி பதவி. அந்த டிசம்பரிலேயே போர். உயிரோடிருக்கும் கோர்ஸ்மேட்டுகள் வருஷத்துக்கு ஒரு ஊரில் கூடுகிறார்கள். இந்த முறை பாண்டி. தனியாக அனுப்ப மாட்டேன் என்று மஞ்சக்குப்பம் வீட்டில் பெரியம்மா பிடிவாதம் பிடித்ததில் பெட்டி தூக்கும் வேலை எனக்கு வந்தது.

பதினோரு பேர் வந்திருந்தார்கள். சாயங்காலம் 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் நிம்மதியாக நடந்தார்கள். அதாவது, நடப்பது ஐந்து நிமிஷம், நின்று பேசுவது இருபது நிமிஷம். காந்தி சிலைக்கு எதிரே பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம், 1938-ல் திறந்தது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போய் இறந்தவர்களுக்கானது. வேலிக்கு வெளியே நின்ற பதினோரு பேரும் யாரும் சொல்லாமலே நிமிர்ந்து நின்றார்கள். கூன் விழுந்தவர்கூட.

அது நீடித்தது ஒரு நிமிஷம். பாண்டியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா குடும்பங்களுக்கு இன்னும் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது என்று யாரோ சொன்னார்கள். யூரோவில் என்றதும் சண்டிகரிலிருந்து வந்த பிரிகேடியரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அங்கிருந்து ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திட்டம், அது அமலான 2014 ஜூலை 1-லிருந்து கணக்கு, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஆரம்பித்தது, ராத்திரி வரை முடியவில்லை. கடலை யாரும் பார்க்கவில்லை.

கடக்வாசலா கதைகளும் நிறைய வந்தன. தப்பு செய்தால் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், பெரிய தப்பென்றால் சிங்கட் கோட்டைக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஒரே கதையை மூன்று பேர் சொன்னார்கள். மூன்றிலும் சைக்கிளைத் தூக்கியது சொன்னவரேதான்.

ஆனால் இவர்களை இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருப்பவர் ராணுவ அதிகாரியே இல்லை. முத்தியால்பேட்டைக்காரர். எல்லோரும் ஜி.பி.ஓ., அதாவது தலைமைத் தபால் நிலையம், என்றுதான் கூப்பிடுகிறார்கள். அகாடமியில் இரண்டாம் வருஷம் குதிரையிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டது. மெடிக்கல் போர்டு வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து பி.காம். படித்து வங்கி வேலைக்குப் போனார். கமிஷனுக்கு முன்பே அடிபட்டதால் இப்படிப்பட்டவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது. 2025-ல் உச்ச நீதிமன்றம் தானாகவே இந்த விஷயத்தைக் கையிலெடுத்த பிறகு, அந்த ஆகஸ்டில்தான் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் இவர்களையும் சேர்க்க அரசு ஒப்புக்கொண்டது. அவர் விழுந்தபோது வயது 18. எத்தனை வருஷம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்குக் கோபம்தான் வருகிறது. அவருக்கு வரவில்லை. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு லெஃப்டினன்ட் ஜெனரல்.

மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வருஷத்துக்கொரு மாற்றல். எல்லையில் இருந்தால் விலாசமே யூனிட் பெயரும் '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் நிலையமும்தான், எந்த மலையில் இருக்கிறார்கள் என்று வீட்டுக்கே தெரியாது. மாறாத விலாசம் முத்தியால்பேட்டை வீடு ஒன்றுதான். எனவே மாற்றல் வந்தால் ஒவ்வொருவரும் இவருக்கு ஒரு கார்டு போடுவார்கள். இவர் நோட்டில் எழுதிக்கொண்டு, கேட்பவர்களுக்கு இன்லாண்டு லெட்டரில் தெரிவிப்பார். என் அக்கா பிறந்த செய்தி கோர்ஸ்மேட்டுகளுக்குப் போனதும் இப்படித்தான்.

அந்த நோட்டை எனக்குக் காட்டினார். ஒரு பெயருக்கு ஒரு பக்கம், விலாசங்களை அடித்து அடித்து எழுதியிருக்கிறார். இறந்தவர்களின் பெயரை அடிக்கவில்லை. பக்கத்தில் தேதி, கீழே மனைவியின் போன் நம்பர். நவம்பர் வந்தால் அந்த நம்பர்களுக்கெல்லாம் கூப்பிட்டு, "உயிர்வாழ் சான்று கொடுத்தாச்சாம்மா?" என்று கேட்பாராம்.

இனி சாப்பாடு. பிரெஞ்சுத் தெருக்களில் ஒரு ரெஸ்டாரன்டின் மெனு கார்டைத் திறந்தேன், மூடினேன். ஜி.பி.ஓ. எங்களைக் காந்தி வீதிப் பக்கம் ஒரு சின்ன மெஸ்ஸுக்குக் கூட்டிப் போனார். சுறாப்புட்டு! சுறாவை வேகவைத்து, தோலை உரித்து உதிர்த்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் போட்டுச் சுருள வதக்கியது. கூடவே கிழங்கான் மீன் வறுவல், முள்ளோடு மொறுமொறுவென்று. பாண்டிக்குப் போய் கேக் தின்றுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. பிரிகேடியர் கரண்டியை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்றாவது தடவை புட்டு கேட்டார்.

பில் வந்ததும் லெஃப்டினன்ட் ஜெனரல் பர்ஸை எடுத்தார். கோயம்புத்தூர்க்காரர். "உட்காருடா, பங்கு பிரிச்சாச்சு" என்றார் ஜி.பி.ஓ. உட்கார்ந்துவிட்டார். தலைக்கு 340 ரூபாய், எனக்கும் சேர்த்து. பெட்டி தூக்கியதற்குத் தள்ளுபடி எதுவும் இல்லை.

போகிறவர்களுக்கு உருப்படியாக ஏதாவது சொல்ல வேண்டுமே: வெள்ளி, சனிக்கிழமை போகாதீர்கள், ரூம் வாடகையை ஏற்றிவிடுகிறார்கள். கடற்கரையை ஒட்டித் தங்க ஆசைப்படாமல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் எடுத்தால் பாதிக் காசு மிச்சம், கொசு இலவசம். ஆட்டோவுக்கு ஏறும் முன்பே பேசிவிடுங்கள், தொப்பி போட்ட பெரியவரைப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

அடுத்த வருஷம் புனேயாம், அகாடமியையே போய்ப் பார்க்கப் போகிறார்கள். என் டிக்கெட்டைப் பெரியப்பாவே எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏசியா ஸ்லீப்பரா என்று கேட்டேன், இன்னும் பதில் இல்லை.